தோட்டாக் கூட்டின் கழுத்தைக் கடைதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் தோட்டா நிரப்ப, அதாவது சுட்ட கூட்டில் புது வெடிமருந்தும் குண்டும் வைக்க, தொடங்கிய புதிதில் எல்லோரும் மருந்தைப் பற்றியும் குண்டைப் பற்றியும்தான் கேட்பார்கள். ஓராண்டு கழிந்ததும் பேச்சு பித்தளைக் கூட்டின் பக்கம் திரும்பும். அமெரிக்காவில் என்னோடு ரைஃபிள் சுடும் தமிழ் நண்பர்கள் பலரும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் சுடுவது பெஞ்ச்ரெஸ்ட். துப்பாக்கியை மேசைமேல் மணல்பையில் கிடத்தி, 100 கஜத்திலும் 200 கஜத்திலும் ஐந்து குண்டுகளை ஒரே துளையில் போட முயலும் போட்டி அது. கழுத்துக் கடைசல் அங்கே அன்றாட வேலை. மற்ற துப்பாக்கிகளுக்கு அது எவ்வளவு தேவை என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு, அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

அளவுகள் எல்லாம் அங்குலத்தில் இருக்கும். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை இங்கே சுடுகளத்தில் 'தவ்' என்பார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். நம்மூர்க் கடைசல் பட்டறையில் ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அந்த ஒரு நூலுக்குள் 125 தவ் அடங்கும். இந்த வேலையில் அரைத் தவ்வுக்குக்கூடக் கணக்குச் சொல்ல வேண்டும்.

கழுத்துக் கடைசல் என்றால் என்ன?

ரைஃபிள் தோட்டாவின் பித்தளைக் கூட்டில் குண்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் மெல்லிய குழாய்ப் பகுதிதான் கழுத்து. அதற்குக் கீழே சரிந்து அகலும் இடம் தோள். கழுத்தின் உள்ளே இறுக்கமாகப் பொருந்தும் ஓர் எஃகுத் தண்டை நுழைத்து, வெளிப்பக்கம் ஒரு கூரிய கட்டரை நிறுத்தி, கூட்டைச் சுழற்றினால் கட்டருக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள தூரத்துக்கு மேல் இருக்கும் பித்தளை சுருள் சுருளாகச் சீவப்பட்டு வரும். சுற்றிலும் ஒரே தடிமனில் சுவர் மிஞ்சும். அந்தத் தண்டுக்கு மாண்ட்ரல் என்று பெயர்.

கம்பெனியில் செய்த கூட்டில் சுவர் ஏன் சீராக இருப்பதில்லை?

கூடு வார்ப்பில் பிறப்பதில்லை. 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளைத் தகட்டிலிருந்து ஒரு வில்லையை வெட்டி, அதைக் கிண்ணமாக அழுத்தி, பிறகு படிப்படியாக அச்சுகளின் வழியே குத்தி நீட்டுகிறார்கள். குத்தும் தண்டு மயிரிழை விலகி இறங்கினாலும் கிண்ணத்தின் ஒரு பக்கம் தடித்தும் எதிர்ப்பக்கம் மெலிந்தும் போகும். நீட்ட நீட்ட அந்தக் கோளாறும் கூடவே நீளும்.

நல்ல கூடுகளில், ஃபின்லாந்தின் லாபுவா போன்றவற்றில், ஒரு கழுத்தைச் சுற்றி அளந்தால் வேறுபாடு பெரும்பாலும் ஒரு தவ்வுக்குள் நிற்கும். மலிவான கூடுகளில் இரண்டு, மூன்று தவ் சாதாரணம்.

அதனால் என்ன கெட்டுப்போகிறது?

இரண்டு விஷயம். ஒரு பக்கம் தடித்த கழுத்தில் உட்காரும் குண்டு, கூட்டின் மையத்திலிருந்து தடித்த பக்கத்துக்கு எதிராகத் தள்ளப்பட்டு நிற்கும். குழலின் வரிப்பள்ளங்களுக்குள் அது நேராக நுழையாமல் சற்றே சாய்ந்து நுழையும். அடுத்தது, குண்டைப் பிடிக்கும் இறுக்கம் கூட்டுக்குக் கூடு மாறும். தடித்த கழுத்து அழுத்திப் பிடிக்கும், மெலிந்தது தளர்வாகப் பிடிக்கும். குண்டு விடுபடும் கணம் மாறினால் வேகமும் மாறும்.

இவை 100 கஜத்தில் எவ்வளவு வித்தியாசம் காட்டும் என்று ஒற்றை எண்ணில் சொல்பவரை நம்பாதீர்கள். துப்பாக்கியின் சேம்பர், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை, எவ்வளவு இறுக்கமானது என்பதைப் பொறுத்துத்தான் விடை.

அப்படியானால் என் துப்பாக்கிக்கு இது தேவையா?

கடையில் வாங்கிய வேட்டை ரைஃபிள் என்றால் தேவையில்லை என்பதே என் பதில். ஏன் என்பதைக் கணக்காகப் பாருங்கள்.

.308 வின்செஸ்டர் என்ற தோட்டாவை எடுத்துக்கொள்வோம். குண்டின் விட்டம் 0.308. நல்ல கூட்டின் கழுத்துச் சுவர் ஏறக்குறைய 15 தவ். இரண்டு பக்கமும் சேர்ந்து 30. ஆக, நிரப்பிய தோட்டாவின் கழுத்து 0.338. தொழிற்சாலை சேம்பரின் கழுத்துப் பகுதி 0.344 அல்லது அதற்குச் சற்று மேல். அதாவது சுடுவதற்கு முன்பே கழுத்தைச் சுற்றி 6 தவ்வோ அதற்கு மேலோ வெற்றிடம் இருக்கிறது. நீங்கள் பக்கத்துக்கு ஒரு தவ் சீவினால் அந்த இடைவெளி 8 ஆகும். சுடும்போது கழுத்து அவ்வளவு தூரம் விரியும், மறுபடி நிரப்புவதற்காக டை என்ற எஃகு அச்சில் அழுத்தும்போது அவ்வளவு தூரம் சுருங்கும். இந்த விரிவும் சுருக்கமும்தான் பித்தளையை இறுக வைத்துக் கழுத்தில் வெடிப்பு விழச் செய்கிறது. சீர்மையில் கிடைத்த லாபத்தைக் கூட்டின் ஆயுளில் இழப்பீர்கள்.

அந்தத் துப்பாக்கிக்கு நான் சொல்லும் வழி வேறு. 100 கூடு வாங்குங்கள், கழுத்துச் சுவரை அளந்து, ஒரு தவ்வுக்கு மேல் வேறுபடுவதைத் தனியாகப் பழகுவதற்கு ஒதுக்குங்கள். சீராக உள்ளவற்றைப் போட்டிக்கும் வேட்டைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். கருவி வாங்கும் பணத்தில் நல்ல குண்டு வாங்கலாம்.

யாருக்குத்தான் கட்டாயம்?

மூன்று பேருக்கு.

முதலில், இறுக்கமான கழுத்துள்ள சேம்பர் வெட்டிய குழல் வைத்திருப்பவர். இதன் நல்ல எடுத்துக்காட்டு 6 பிபிசி. லூயி பால்மிசானோ என்ற அறுவை மருத்துவரும் ஃபெரிஸ் பிண்டெல் என்ற அச்சுக்கருவித் தொழிலாளியும் 1970களின் நடுவில் உருவாக்கிய தோட்டா அது. .220 ரஷ்யன் கூட்டின் கழுத்தை 6 மில்லிமீட்டர் குண்டுக்கு விரித்து, தோளை முன்தள்ளி 30 பாகைக்கு மாற்றினார்கள். குறுந்தூர பெஞ்ச்ரெஸ்டில் இன்றுவரை அதன் ஆட்சிதான். போட்டிக் குழல்களில் அதற்குப் பெரும்பாலும் 0.262 அங்குலக் கழுத்து வெட்டுவார்கள். குண்டு 0.243. கடையாத சுவர் 12 தவ் இருந்தால் நிரப்பிய கழுத்து 0.267 ஆகிவிடும். அது அந்தச் சேம்பருக்குள் நுழையவே நுழையாது. சுவரை 8.5 தவ்வுக்குக் கொண்டுவந்தால் 0.243உடன் 0.017 சேர்ந்து 0.260. இரண்டு தவ் இடைவெளி. அந்த எண்ணுக்காகத்தான் அத்தனை உழைப்பும்.

இரண்டாவது, ஒரு தோட்டாவின் கூட்டை இன்னொன்றாக மாற்றுபவர். இங்கே கடைசல் நுட்பத்துக்காக அல்ல, உயிர்ப் பாதுகாப்புக்காக. .223 கூட்டை வெட்டி .300 பிளாக்அவுட் செய்வது இங்கே பரவலான பழக்கம். புதுக் கழுத்து உருவாவது பழைய கூட்டின் உடற்பகுதியிலிருந்து. அங்கே பித்தளை தடிப்பு. நிரப்பிய கழுத்துக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 0.334. குண்டு 0.308 என்பதால் சுவர் 13 தவ்வைத் தாண்டக்கூடாது. சில கம்பெனிகளின் கூடுகள் தாண்டிவிடும். அவற்றைத் தள்ளிவிடுவதே நல்லது. வேறு வழியில்லை என்றால் கடைய வேண்டும்.

மூன்றாவது ஆள், போட்டிக்கென்றே நடுத்தர இறுக்கத்தில் சேம்பர் வெட்டிக்கொண்டவர். அவர் மேடான இடங்களை மட்டும் தொட்டுச் சீவினால் போதும்.

இடைவெளி குறைந்தால் என்ன ஆகும்?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

மருந்து எரியும்போது கழுத்து வெளிப்பக்கம் விரிந்தால்தான் குண்டு விடுபடும். விரிய இடமில்லாமல் சேம்பர் சுவர் கழுத்தை நெருக்கிப் பிடித்திருந்தால், குண்டு புறப்படத் தாமதமாகும். பின்னால் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். பிரைமர் (கூட்டின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) கிழிவது, போல்ட் (சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் தண்டு) இறுகிக்கொள்வது, துப்பாக்கி உடைவது என்று எதுவும் நடக்கலாம். முகத்துக்கு அரை அடி தூரத்தில் நடக்கும் காரியம் இது.

பெஞ்ச்ரெஸ்டில் ஒன்றரைத் தவ் இடைவெளியோடும், அதற்கும் கீழேயும் சுடுபவர்கள் உண்டு. நான் இரண்டுக்குக் கீழே போவதில்லை. புதியவர் மூன்றோடு தொடங்கட்டும். வேட்டைக்குக் கொண்டுபோகும் துப்பாக்கியில் தூசி, மணல் எல்லாம் சேரும் என்பதால் இன்னும் தாராளமாக இருக்க வேண்டும்.

சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. சுட்டுவந்த கூட்டை, டையில் அழுத்துவதற்கு முன், எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வாயில் ஒரு புதுக் குண்டைத் தானாக விழ விடுங்கள். தடையில்லாமல் உள்ளே நழுவினால் கழுத்து விரிய இடம் கிடைத்திருக்கிறது. வாயிலேயே தடுத்து நின்றால் சுடுவதை அங்கேயே நிறுத்துங்கள். வாய் விளிம்பு உட்பக்கம் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கழுத்துத்தான் காரணம்.

என் சேம்பரின் கழுத்து அளவை எப்படித் தெரிந்துகொள்வது?

தனியாகச் செய்த குழல் என்றால் பொறுப்பான துப்பாக்கிக் கம்மியர் குழலின் மேலேயே எண்ணைப் பொறித்திருப்பார். பொறிக்கவில்லை என்றால் கேட்டுப் பொறிக்கச் சொல்லுங்கள்.

தொழிற்சாலைக் குழலுக்கு, சுட்ட கூட்டின் கழுத்தை வெளிப்பக்கம் அளக்கலாம். பித்தளை சற்றே உள்வாங்கும் என்பதால் சேம்பர் அதைவிட அரை முதல் ஒரு தவ் பெரியதாக இருக்கும். நிச்சயமாக வேண்டும் என்றால் செரோசேஃப் என்ற உலோகக் கலவையை உருக்கி ஊற்றி வார்ப்பு எடுக்க வேண்டும். கொதிநீரைவிடக் குறைந்த சூட்டிலேயே அது உருகிவிடும். ஆறும்போது முதலில் சுருங்கி, பிறகு விரியும். ஊற்றி ஒரு மணி நேரம் கழிந்தபின் சேம்பரின் அளவுக்குச் சரியாக வந்து நிற்கும், அப்போது அளக்க வேண்டும். மறுநாள் அளந்தால் எண் மாறியிருக்கும்.

காலிப்பர் போதாதா?

போதாது. காலிப்பரின் தாடைகள் தட்டையானவை, கழுத்தின் உட்பக்கம் வளைந்தது. வளைவில் தட்டை உட்கார்ந்தால் தடிமன் அதிகமாகக் காட்டும். தவிர, சாதாரண காலிப்பரை ஒரு தவ்வுக்குக் கீழே நம்ப முடியாது. இங்கே நாம் தேடுவது அரைத் தவ்.

உருண்டை முனை வைத்த மைக்ரோமீட்டர் வேண்டும், தவ்வில் பத்தில் ஒரு பங்கு காட்டுவது. கழுத்தின் நடுவில் நான்கு இடத்தில் அளந்து எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே அழுத்தம் கொடுக்க ராட்செட்டை, அதாவது அளவான அழுத்தம் வந்ததும் நழுவும் திருகுபிடியை, பயன்படுத்துங்கள். கருவியை வாங்கும் வரிசை என்று கேட்டால் கடையும் கருவிக்கு முன்னால் மைக்ரோமீட்டர்தான். அளந்து பார்த்தபின் கடையவே வேண்டாம் என்று தெரிந்துகொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எந்தக் கருவி வாங்கலாம்?

கே அண்ட் எம், சின்க்ளேர், 21ஸ்ட் செஞ்சுரி, ஃபார்ஸ்டர் என்று பல உண்டு. எதை வாங்கினாலும் மூன்றைப் பாருங்கள். கட்டரை மிகச் சிறிய அளவில் நகர்த்திப் பூட்ட முடிய வேண்டும். உங்கள் குண்டின் விட்டத்துக்கு மாண்ட்ரலும், கடைவதற்கு முன் கழுத்தை உள்ளிருந்து விரிக்கும் இணையான விரிப்பு மாண்ட்ரலும் ஒரே தயாரிப்பாளரிடம் கிடைக்க வேண்டும். கட்டரின் கோணம் உங்கள் தோட்டாவின் தோளுக்குப் பொருந்த வேண்டும். .30-06க்கு 17.5 பாகை, .308க்கு 20, 6 பிபிசிக்கும் 6.5 கிரீட்மோருக்கும் 30, ஆக்லி வகைத் தோட்டாக்களுக்கு 40. 20 பாகைக் கட்டரை 30 பாகைத் தோளில் வைத்தால் கழுத்தின் அடியில் பள்ளம் விழும், கூடு அங்கேதான் பிளக்கும்.

கடைவதற்கு முன் என்னென்ன தயாரிப்பு?

அவசரப்படுபவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். கடைசல் கால்பங்கு வேலை, தயாரிப்பு முக்கால் பங்கு.

கூட்டில் பிரைமர் இருக்கக்கூடாது. நிரப்பிய தோட்டாவைக் கடைவதைப் பற்றி நினைக்கவும் வேண்டாம். பழைய பிரைமரைத் தட்டி எடுத்து, கூட்டைக் கழுவிக் காயவையுங்கள். கழுத்தின் உட்புறக் கரி போக வேண்டும். அது மாண்ட்ரலில் ஒட்டிக்கொண்டு அளவைக் கெடுக்கும்.

பிறகு எல்லாக் கூட்டையும் ஃபுல் லெங்த் டையில் (கூட்டை முழு நீளத்துக்கும் அழுத்தும் டை) ஒரே அளவுக்கு அழுத்தி, ஒரே நீளத்துக்கு வெட்டுங்கள். பெரும்பாலான கருவிகளில் கூட்டின் வாய் ஒரு தடுப்பில் முட்டி நிற்கும் இடம்தான் கட்டர் தோளை எவ்வளவு தொடும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஒரு கூடு ஐந்து தவ் நீளமாக இருந்தால் அதில் தோளைத் தொடாது, குட்டையாக இருந்தால் தோளை அறுத்துவிடும். வெட்டியபின் வாயின் உள்ளும் புறமும் பிசிறு எடுங்கள்.

பலமுறை சுட்ட கூடு என்றால் கழுத்தைச் சூடாக்கிப் பதம் தளர்த்துவது நல்லது. இறுகிய பித்தளையில் கட்டர் துள்ளும். சூடு கழுத்தோடும் தோளோடும் நிற்க வேண்டும். அடிப்பகுதி இளகிவிட்டால் அந்தக் கூடு குப்பைக்குத்தான்.

விரிப்பு மாண்ட்ரல் எதற்கு? டைக்குள் இருக்கும் உருண்டை போதாதா?

இந்தக் கேள்வி எனக்குப் பிடித்தது, ஏனென்றால் முழு வேலையின் தத்துவமும் இதில் இருக்கிறது. டை கழுத்தை வெளியிலிருந்து அழுத்தும்போது வெளிப்பக்கம் வட்டமாகும், மேடுபள்ளம் எல்லாம் உட்பக்கம் தள்ளப்படும். நேரான தண்டை உள்ளே இறக்கினால் உட்பக்கம் வட்டமாகி, மேடுபள்ளம் வெளியே வரும். வெளியே வந்ததைத்தானே கட்டர் சீவ முடியும்? அதனால்தான் கடைவதற்கு முன் விரிப்பு மாண்ட்ரல்.

டையின் உருண்டை கழுத்தை உள்ளிருந்து மேலே இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது. அந்த இழுப்பில் கழுத்து கோணலாகவும் வாய்ப்புண்டு. மாண்ட்ரல் மேலிருந்து கீழே நேராக இறங்குகிறது.

விரிப்புத் தண்டு, கடையும் தண்டைவிட அரை முதல் ஒரு தவ் பெரியதாக இருக்கும். பித்தளை உள்வாங்கியபின் கடையும் தண்டின் மேல் கழுத்து ஆடாமல், அதே சமயம் கையால் சுழற்றும் அளவு இலகுவாகப் பொருந்த வேண்டும். விரித்த அன்றே கடைந்துவிடுங்கள்.

சரி, கடைவது எப்படி?

முதலில் பலிகொடுக்க நான்கைந்து கூடுகளை ஒதுக்குங்கள். அளவு கண்டுபிடிக்க அவைதான்.

கட்டரை வேண்டிய அளவுக்கு மேலேயே நிறுத்தி, மாண்ட்ரலிலும் கழுத்தின் உள்ளேயும் உயவுப் பொருள் தடவி, கூட்டை மெதுவாகச் சுழற்றியபடி உள்ளே செலுத்துங்கள். திருகு புரி ஏறுவதைப் போல, ஒரு சுற்றுக்கு மிகச் சிறிய நகர்வு. வேகமாகத் தள்ளினால் கழுத்தில் வரி வரியாகப் புரி விழும். தோளை எட்டியதும் இரண்டு மூன்று சுற்று அங்கேயே நிறுத்திச் சுழற்றி, அதே பொறுமையோடு வெளியே எடுங்கள். அளந்து பாருங்கள், கட்டரைச் சற்றே உள்ளே தள்ளுங்கள், மறுபடி செய்யுங்கள்.

12 தவ்வை 8.5க்குக் கொண்டுவர வேண்டும் என்றால் ஒரே மூச்சில் செய்யாதீர்கள். எல்லாக் கூட்டையும் முதலில் 9.5 வரை கொண்டுவந்து வையுங்கள். பிறகு கட்டரை இறுதி அளவில் பூட்டி, அனைத்தையும் ஒரே அமர்வில் முடியுங்கள். கடைசிச் சீவல் மெல்லியதாக இருந்தால்தான் மேற்பரப்பு பளபளக்கும்.

சூட்டைக் கவனியுங்கள். பத்துப் பதினைந்து கூடு தொடர்ந்து செய்தால் மாண்ட்ரல் சூடேறி விரியும். மாண்ட்ரலுக்கும் கட்டருக்கும் இடையிலுள்ள தூரம் குறையும், சுவர் மெலியும். முதல் கூடு 8.5 என்றும் இருபதாவது 8.3 என்றும் வந்தால் காரணம் இதுதான். நான் இரண்டு மாண்ட்ரல் வைத்து மாற்றிமாற்றிப் பயன்படுத்துகிறேன். ஒன்றே இருந்தால் ஐந்து கூட்டுக்கு ஒருமுறை ஆறவிடுங்கள். உயவு குறைந்து மாண்ட்ரலில் பித்தளை ஒட்டிக்கொண்டால் அடுத்து வரும் கழுத்துகள் எல்லாம் கீறிக்கொண்டே வரும். ஒட்டியதை நன்றாகத் துடைத்து எடுத்தபின்தான் தொடர வேண்டும்.

டிரில் வைத்துச் சுழற்றலாமா?

சுழற்றலாம். கையால் 100 கூடு செய்தால் மணிக்கட்டு மறுநாள் வேலை செய்யாது. வேகம் குறைவாகவும் மாறாமலும் இருக்கட்டும். டிரில்லையும் கருவியையும் இரண்டையுமே இறுக்கிப் பூட்டிவிடக்கூடாது. கருவியைக் கையில் தளர்வாகப் பிடித்தால் அது தன் அச்சைத் தானே தேடிக்கொள்ளும். இரண்டும் இறுகிப்போனால் இரண்டு அச்சும் சண்டையிட்டு, நீங்கள் திருத்த வந்த கோணலையே மறுபடி உண்டாக்கிவிடும். கண்ணாடி அணியாமல் டிரில்லைத் தொடாதீர்கள்.

கழுத்து முழுக்கச் சீவ வேண்டுமா?

இறுக்கமான சேம்பர் என்றால் முழுக்க. மற்றவர்களுக்கு முக்கால் பாகம் பளிச்சென்று வந்து, கால்பாகம் பழைய நிறத்தில் மிஞ்சினால் போதும். அந்த மிச்சம்தான் தாழ்ந்த பக்கம். அதையும் பிடித்தே தீருவேன் என்று போனால் கழுத்து தேவையில்லாமல் மெலியும்.

தோளுக்குள் எவ்வளவு போகலாம்?

மிகச் சிறிதளவு. தோளின் தொடக்கத்தில் மெல்லிய பளபளப்பு வளையம் தெரிந்தால் சரி. ஆழமாகப் போனால் கழுத்து தோளிலிருந்து அறுந்து சேம்பருக்குள்ளேயே தங்கிவிடும்.

போகவே வேண்டாமே என்றும் சொல்ல முடியாது. கழுத்தை விரித்தோ தோளைப் பின்தள்ளியோ செய்த கூடுகளில், தோளின் தடித்த பித்தளை கழுத்தின் அடிப்பகுதியாகிவிடுகிறது. கட்டர் அங்கே எட்டாமல் விட்டால் உட்பக்கம் ஒரு வளையம் எழும். இங்கே அதை டோனட் என்பார்கள். குண்டின் அடி அந்த வளையத்தில் போய் உட்கார்ந்தால் பிடிமானம் கன்னாபின்னா என்று மாறும். சுட்ட கூட்டில் குண்டு வாயைத் தாண்டி இறங்கி, கழுத்தின் அடியில் நின்றுவிட்டால் டோனட் உண்டு என்று பொருள். உள்ளே சீவும் ரீமரால் எடுக்கலாம், அல்லது குண்டை அந்த வளையத்துக்கு மேலேயே நிற்கும்படி உட்கார வைக்கலாம். முடிந்தபோதெல்லாம் நான் இரண்டாவது வழிதான்.

கடைந்தபின் குண்டு கழுத்தில் நிற்காமல் உள்ளே விழுகிறதே!

டையை மாற்ற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. உங்கள் டை கழுத்தை வெளிப்பக்கம் 0.334க்கு அழுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். சுவர் 15 தவ் இருந்தபோது உள்விட்டம் 0.304. அது 0.308 குண்டை நன்றாகப் பிடித்தது. இப்போது சுவர் 13 ஆனதும் உள்விட்டம் 0.308. குண்டும் துளையும் ஒரே அளவு, பிடி எங்கிருந்து வரும்?

மாற்றக்கூடிய புஷ் (கழுத்தை அழுத்தும் எஃகு வளையம்) உள்ள டை வாங்குங்கள். நிரப்பிய தோட்டாவின் கழுத்தை அளந்து, அதிலிருந்து இரண்டு மூன்று தவ் கழித்த அளவில் புஷ் போடுங்கள். 0.260 கழுத்துள்ள 6 பிபிசிக்கு 0.258 அல்லது 0.257. பிடிமானம் மாறியதால் பழைய மருந்து அளவும் அப்படியே பொருந்தும் என்று எண்ண வேண்டாம். கையேட்டின் தொடக்க அளவிலிருந்து மறுபடி ஏறி வாருங்கள்.

புதுக் கூட்டிலேயே கடையலாமா, ஒருமுறை சுட்டபின்னா?

இறுக்கமான சேம்பர் வைத்திருப்பவருக்குத் தேர்வே இல்லை, கடையாமல் தோட்டா உள்ளே போகாது. மற்றவர்கள் ஒருமுறை சுட்டுவிட்டுக் கடையுங்கள். தோள் உங்கள் சேம்பரின் வடிவத்துக்கு வந்திருக்கும், கட்டர் எல்லாக் கூட்டிலும் ஒரே இடத்தில் நிற்கும்.

மிகக் கோணலான கூட்டைக் கடைந்து சரிசெய்ய முடியாதா?

கழுத்தைச் சரிசெய்யலாம், உடலைச் சரிசெய்ய முடியாது. கழுத்தில் மூன்று தவ் வேறுபாடு இருந்தால் அதே சரிவு உடற்சுவரிலும் ஓடும். சுட்டதும் மெலிந்த பக்கம் அதிகம் நீண்டு, கூடு வாழைப்பழம்போல வளையும். அதைக் கடைந்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஒரு தவ் கூடுதலாகச் சீவிவிட்டேன். பயன்படுத்தலாமா?

எனக்கே நடந்தது இது. 50 புதுக் கூடுகளை இறுதிச் சீவலுக்கு வைத்திருந்தேன். கட்டரைப் பூட்டும் திருகை முறுக்கும்போது கட்டர் கடுகளவு உள்ளே நகர்ந்தது. பூட்டியபின் மறுபடி அளக்காமல் தொடர்ந்தேன். 8.5 என்று நினைத்தது எல்லாம் 7.2. முப்பது கூடு முடிந்தபின்தான் கவனித்தேன். அன்று முதல் பூட்டியபின் ஒருமுறை, பிறகு ஐந்து கூட்டுக்கு ஒருமுறை அளக்காமல் இருந்ததில்லை.

இடைவெளி அதிகமானதால் ஆபத்து ஏறாது. ஆனால் பிடிமானம் குறையும், சூட்டுப்புகை கழுத்தைத் தாண்டித் தோளில் கரியாகப் படியும், கழுத்து சீக்கிரம் வெடிக்கும். அந்த முப்பதையும் புதுக் குழலைப் பழக்கும் சூடுகளுக்குப் பயன்படுத்தித் தீர்த்தேன். போட்டிக் கூடுகளோடு அவற்றைக் கலக்கவில்லை.

உடல்நலத்துக்குக் கெடுதல் உண்டா?

சுட்ட கூட்டில் இருக்கும் பிரைமர் கரியில் ஈயம் இருக்கும். கையுறை போடுங்கள், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சாப்பாட்டு மேசையில் செய்யாதீர்கள். பித்தளைச் சுருள் விரலில் ஏறினால் முள்ளைவிட மோசம். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் தரையைக் காந்தத்தால் துடைத்துப் பயனில்லை, பித்தளை காந்தத்தில் ஒட்டாது. ஈரத்துணியால் துடையுங்கள். கூட்டின் உள்ளே விழுந்த சீவலையும் தட்டி எடுத்தபின்தான் நிரப்ப வேண்டும்.

ஊரில் இருக்கும் தம்பி இதைச் செய்து பார்க்கலாமா என்று கேட்கிறான்.

வேண்டாம் என்று சொல்லுங்கள். அமெரிக்காவில் சொந்தப் பயன்பாட்டுக்குத் தோட்டா நிரப்பக் கூட்டரசின் உரிமம் வேண்டியதில்லை. விற்கத் தொடங்கினால் உரிமம் வேண்டும், சில மாநிலங்களில் தனி விதிகளும் உண்டு. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 5ஆம் பிரிவு, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதைத் தடுக்கிறது. துப்பாக்கி வைத்திருக்கும் உரிமம் அதற்கு ஈடாகாது. தம்பிக்கு ஆர்வம் இருந்தால் உரிமம் பெற்ற ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து காற்றுத் துப்பாக்கியில் தொடங்கட்டும்.

கடைந்த கூடுகளை எப்படிப் பிரித்து வைப்பது?

ஒவ்வொரு பெட்டியின் மேலும் நான்கு விவரம் எழுதுகிறேன்: எந்தக் குழலுக்கு, சுவர்த் தடிமன், நிரப்பிய கழுத்தின் அளவு, எத்தனை முறை சுட்டது. 8.5 தவ் கூடு தொழிற்சாலைச் சேம்பரில் போனால் கழுத்து வெடிக்கும். கடையாத கூடு 0.262 குழலில் வலுக்கட்டாயமாகப் போனால் அதைவிடப் பெரியது வெடிக்கும். அப்படிப்பட்ட குழலை யாருக்காவது விற்றால், கழுத்தளவை வாயால் சொன்னதோடு விடாமல் ஒரு தாளில் எழுதி, கடைந்த கூடு ஒன்றை மாதிரியாகச் சேர்த்து, துப்பாக்கிப் பெட்டிக்குள் வைத்துக் கொடுங்கள்.